ஏழாவது தாழ்ப்பாள்

கீழ்வாசல் மணி அடித்ததும் பரராசசிங்கம் விளக்கை அணைத்தார். காலை ஆறு மணி. அந்த நேரத்தில் அவர்கள்தான் வருவார்கள்.

முப்பது வருசத்துக்கு முன்னர், இதே டுசல்டோர்ஃபில், இதே ஆறு மணிக்குத்தான் பொலிஸ் வந்து தம்பியை ஏற்றிக்கொண்டு போனது. இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தம்பியிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. அன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டவர் பரராசசிங்கம்.

இப்போது அவர் ஜெர்மன் பிரஜை. பாஸ்போட் கைக்கு வந்து இருபத்திரண்டு வருசம் ஆகிறது. பயம் மட்டும் இன்னும் அகதியாகவே இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் யாராவது மணி அடித்தால் அவர் திறப்பதில்லை, யார் என்று கேட்பதுமில்லை. தன்னையும் கொண்டுபோய்விட்டால் புஸ்பவதி தனித்துப்போவாளே என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கவலை.

நல்ல காலம், அவள் ஐந்தரைக்கே துப்புரவு வேலைக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் தரம் மணி அடித்தது. இருட்டில் குளியலறைப் பக்கம் ஓடியவரின் தோள் சுவரில் இடித்தது. சாவி மாட்டும் ஆணியில் தொங்கிய வீட்டுத் திறப்புகள் இரண்டும் கிலுங்கின. சத்தம் கீழே கேட்டுவிடும் என்று இரண்டையும் சேர்த்துப் பொத்திப் பிடித்தார். பிறகு கைத்தொலைபேசியையும் அணைத்தார். அது அடித்தால் வீட்டில் ஆள் இருப்பது தெரிந்துவிடுமே.

நேற்றுப் பின்னேரம் புஸ்பவதி ஒரு பழைய பாரசீகக் கதை சொல்லத் தொடங்கினாள். கூட வேலை செய்யும் ஈரான்காரி பர்வீனிடம் கேட்டு வந்தது.

"ஓநாய்க்குப் பயந்த இடையன் ஒருத்தன் கதவுக்கு ஏழு தாழ்ப்பாள் போட்டானாம். ஏழாவதையும் போட்ட பிறகு..."

"காணும், நிப்பாட்டு. பயக்கதை எனக்கு வேண்டாம்."

"இஞ்சருங்கோ, முடிவைக் கேளுங்கோவன்."

"ஏலாது. நித்திரை வராது."

"சரி, நாளைக்கு வேலையால வந்து சொல்றன்," என்று சிரித்தாள். அவருடைய பயத்தைப் பார்த்துச் சிரிக்க உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது.

மூன்றாம் தரம் மணி நெடுநேரம் அடித்தது. பிறகு ஓய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சைரன் ஒலி கேட்டது. அதோடு அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. பாஸ்போட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் குந்திவிட்டார்.

எட்டு மணிக்கு வீட்டுக் கதவு திறந்தது. தன்னிடம் இருந்த திறப்பால் மகள் ஆரணிதான் திறந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள்.

பரராசசிங்கம் பாஸ்போட்டை நீட்டினார். முன்னால் நின்றவர் அதை வாங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மூண்டு தரம் பெல் அடிச்சவங்கள், பிள்ளை," என்றார் பரராசசிங்கம் மகளிடம். "இந்த முறை நான் திறக்கேல்லை. அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லு, பயப்பிட வேண்டாமெண்டு."

ஆரணி அப்படியே அவர் பக்கத்தில் தரையில் இருந்தாள். அவள் மடியில் புஸ்பவதியின் கைப்பை இருந்தது.

"நெஞ்சு நோகுதெண்டு பர்வீனுக்குப் போனில சொல்லிப்போட்டுப் பாதி வழியில திரும்பி வந்தவாவாம். எதிர்க் கடைக்காரி ஓடி வாறதுக்குள்ள கீழ்ப் படியிலயே எல்லாம் முடிஞ்சு போச்சு."

அவருக்கு விளங்கவில்லை. ஆணியில் தொங்கிய இரண்டு திறப்புகளையும் மகள் காட்டினாள். அதில் ஒன்று புஸ்பவதியுடையது.

"பெல் அடிச்சது அம்மா, அப்பா."