அத்தான் தந்த மேடை

“மச்சான், நாளைக்குக் கூட்டத்துல நீதான் பேசணும். நான் பேசினா, வயசானவன் புலம்புறான்னு நினைப்பாங்க” என்றார் அத்தான்.

அத்தான் பெரிய விமானத்தின் கேப்டன். விமானிகள் சங்கத்தின் செயலாளரும் அவரே. அவருடைய மச்சானான அவன், அதே நிறுவனத்தில் சின்ன ஊர்களுக்குப் பறக்கும் குட்டி விமானத்தில் துணை விமானி. குட்டி விமானங்களை விற்றுவிட்டு, அந்த ஊர்களை ஓர் ஒப்பந்தக் கம்பெனியிடம் தள்ளிவிட நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் அவன் வயிறெரிந்து பேசினான். “பாதிச் சம்பளத்துக்கு, ஓய்வே இல்லாம ஓட்டுறவன் கையில பயணிகளை ஒப்படைக்கலாமா?”

நாற்பது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தான் ஓரமாக உட்கார்ந்து மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றே மாதத்தில் குட்டி விமானங்கள் போயின. அவன் வேலையும் அந்த நாற்பது பேரின் வேலையும் கூடவே போயின. வேறு வழியின்றி, மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு அந்த ஒப்பந்தக் கம்பெனிக்கே விண்ணப்பம் போட்டான்.

நேர்காணல் அறையில், தலைமை விமானியின் நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

“அத்தான், நீங்க எப்போ இங்க சேர்ந்தீங்க?”

“அந்தக் கூட்டத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே. வெளியே சொல்லிக்கலை.”

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்போ எனக்கு வேலை உறுதின்னு சொல்லுங்க.”

“எதிர்த்துப் பேசுறவங்களையும், அவங்களுக்குக் கைதட்டுறவங்களையும் சேர்க்கக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு, மச்சான். யார் யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா? அதுக்குத்தான் உன்னைப் பேச வெச்சேன்.”

அத்தான் அவன் விண்ணப்பத்தை மடித்துக் கையில் கொடுத்தார்.

“நல்லாத்தான் பேசினே. போறப்போ அடுத்த ஆளை வரச் சொல்லு.”