சும்மா போட்ட போன்

மாரிச்செல்வியின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

பஸ்ஸைவிட்டு இறங்கி வாசலுக்கு வந்த ராம்குமாரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"பல்லு புடுங்குனேண்ணே" என்றாள் தங்கை, அவன் கேட்பதற்கு முன்பே.

கேட்பதற்கு முன்பே சொன்னதுதான் அவனுக்கு உறுத்தியது.

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் வேலை அவனுக்கு. தனியாக வந்து அறை கேட்பவர்களை முகத்தை வைத்தே எடைபோடுவான். போன ஐப்பசியில் பையில்லாமல் வந்த ஒருவர் சாவியை வாங்கும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று ராம்குமார் கதவை உடைக்கச் சொன்னான். சாகத் துணிந்து வந்த ஓர் உயிர் பிழைத்தது.

அன்றிலிருந்து முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் அவனைக் காட்டிப் பேசுவார். அன்றிலிருந்து அவனால் யாருடைய முகத்தையும் வெறும் முகமாகப் பார்க்க முடியவில்லை.

நேற்று அவள் போன் போட்டிருந்தாள். "சும்மாதாண்ணே போட்டேன்." குரல் குழறியது. உடனே வைத்துவிட்டாள்.

அந்தச் 'சும்மா'வை அவன் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். அழுத குரல்தான் என்று முடிவு கட்டினான். காலையில் முதல் பஸ்ஸில் ஏறி, பரமக்குடியில் மாறி, இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான்.

இப்போது எல்லாம் பொருந்தி வந்தது. குழறிய குரல். வீங்கிய கன்னம். மிளகாய்க் களத்திலிருந்து வந்த அவள் புருஷன் சின்னக்கருப்பன் "வாங்க மச்சான்" என்றுவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"ஏலே, எந்தங்கச்சி மேலயா கைய வைக்கிற?"

அறை விழுந்த சத்தத்தில் கோழிகள் சிதறின. தெரு எட்டிப் பார்த்தது. களத்தில் மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு அமுதவள்ளி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "என்ன வேல பண்ணிட்டீக தம்பி! முந்தாநாள் நாந்தான் அவளக் கூட்டிட்டுப் போயி பல்லப் புடுங்கிட்டு வந்தேன். அந்த மனுசன் ரெண்டு நாளா கஞ்சி காச்சி ஊத்திக்கிட்டுக் கெடக்காரு."

ராம்குமார் ஓரடி முன்னால் வந்தான். "மாப்ள... நான்..."

சின்னக்கருப்பன் திருப்பி அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. கீழே விழுந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டான். பிறகு மனைவியைப் பார்த்தான், கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அவளைச் சரியாகப் பார்க்காதவன்போல.

"போன்ல அவருகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணுமே சொல்லலைங்க."

"ஒண்ணும் சொல்லாமத்தான் அங்கனருந்து வந்து அடிக்கிறாரா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வீக்கத்தில் வார்த்தை தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தையும் அவன் உற்றுக் கேட்டான்.

"உள்ள வா" என்றான் மெதுவாக.

மாரிச்செல்வி அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். சின்னக்கருப்பன் பின்னாலேயே போனான்.

பட்டப்பகலில் அந்தத் தெருவில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

ராம்குமார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.