படத்தின் மூலை

"நடுவுல என்னண்ணே இருக்கு, நடு எல்லா லென்ஸுலயும் நல்லாத்தான் இருக்கும். மூலையைக் காட்டுங்க."

லோரான்ட் இப்படிச் சொன்னதும் கடைக்காரர் வில்மோஷ் மறுபேச்சுப் பேசாமல் கம்ப்யூட்டர் திரையில் படத்தின் வலது கீழ் மூலையைப் பெரிதாக்கினார். ஸெகெட் நகரத்தில் முப்பது வருடமாக கேமரா விற்கிறவர் அவர். இந்தப் படப் பைத்தியங்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை, மூலையைத்தான் பார்ப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

லோரான்ட் தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவும் கையுமாக திஸா ஆற்றங்கரையில் கிடந்து கொக்கையும் நாரையையும் படம் பிடிப்பார். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்து, இன்றைக்கு ஒரு லென்ஸ், ஒரே ஒரு லென்ஸ் வாங்க வந்திருக்கிறார். பெரியது நாலு லட்சம் ஃபோரின்ட், இரண்டு கிலோ கனம். சின்னது ஒன்றரை லட்சம், கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். பெரியதை வாங்கினால், மனைவி எடெல்காவுக்கு வாக்குக் கொடுத்த பாலாட்டன் ஏரிப் பயணம் அம்பேல். சின்னதை வாங்கி அது மட்டமாக இருந்துவிட்டால், அடுத்த பத்து வருடம் அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்.

அதனால்தான் கடை வாசலில் கேமரா ஸ்டாண்டை நிறுத்தி, எதிரே இருக்கும் சதுக்கத்தை இரண்டு லென்ஸிலும் ஒரே மாதிரி எடுத்து, உள்ளே வந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது பெருசுல எடுத்தது. மூலையில ஒருத்தன் குந்தியிருக்கான் பாரு. அவன் குல்லாவுல கம்பளி நூல் இழை இழையாத் தெரியுது," என்றார் வில்மோஷ்.

"மூக்குமேல இருக்கற மச்சம்கூடத் தெரியுதுண்ணே." லோரான்ட் ஏக்கத்தோடு பெருமூச்சு விட்டார். "சரி, சின்னதுல எடுத்ததைப் போடுங்க."

அதே மூலை, அதே ஆள். லோரான்டின் முகம் சுருங்கிவிட்டது.

"குல்லாவா முடியான்னே தெரியலையே. கஞ்சி மாதிரி இருக்கு."

"லென்ஸோட கண்ணை, அந்த அபெர்ச்சரை, முழுசாத் திறந்து வெச்சுட்டு லென்ஸைத் திட்டினா எப்படி? கொஞ்சம் சுருக்கி இன்னொரு தடவை எடு. அப்புறம் பேசு."

"பெருசுதாண்ணே நல்லா இருக்கு."

"யாரு இல்லைன்னா? ஆனா நீ சைக்கிள்ல போற ஆளு. அதைத் தூக்கிக்கிட்டு மிதிச்சு ஆத்தங்கரை போய்ச் சேர்றதுக்குள்ள நாரையெல்லாம் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்துடும்."

"பல் டாக்டர் கெல்லேர்ட் பெருசுதானே வெச்சிருக்காரு. ரெண்டு வருஷமா போட்டோ கிளப் போட்டியில அவருக்குத்தான் முதல் பரிசு."

"அவருகிட்ட காரு இருக்கு. அந்த லென்ஸை வாங்கின அன்னிக்கு அவரு பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனவதான், இன்னும் வரல. உனக்கு முதல் பரிசு வேணுமா, எடெல்கா வேணுமா?"

லோரான்ட் வாசலுக்குப் போய், அபெர்ச்சரைச் சுருக்கி, சின்ன லென்ஸில் மூன்றாவது படம் எடுத்துக்கொண்டு வந்தார். மறுபடியும் மூலை திரையில் விரிந்தது.

"அடடா, அந்த ஆளு கிளம்பிட்டான். முதுகுதான் தெரியுது. இனிமே எதை வெச்சு ஒப்பிடறது?"

"முதுகு போனாப் போகுது, சக்கரத்தைப் பாரு. ஆரக்கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. அதுவும் மூலையில. அதுவும் உருள்ற சக்கரத்துல. ஒன்றரை லட்சத்துக்கு வேற என்ன வேணும் உனக்கு?"

லோரான்ட் மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தார். கம்பிகள் ஊசி போல் நின்றன. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. பாலாட்டன் ஏரியும், கரையில் விற்கும் வறுத்த மீனும், அதைத் தின்றுகொண்டே எடெல்கா சிரிப்பதும் கண்முன் வந்துபோயின.

"மூலையே இவ்வளவு நல்லா இருக்குன்னா அப்புறம் யோசிக்கறதுக்கு என்னண்ணே இருக்கு. சின்னதையே கொடுங்க."

ரசீதை வாங்கிக்கொண்டு, லென்ஸைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடி வெளியே போனார். வாழ்க்கையில் இப்படி எல்லாப் பக்கமும் யோசித்து அவர் ஒரு முடிவு எடுத்ததே இல்லை.

இரண்டு நிமிஷத்தில் சீட்டி இல்லாமல் திரும்பி வந்தார்.

"அண்ணே, என் சைக்கிளைக் காணோம். பூட்டு ரெண்டு துண்டாக் கிடக்கு."

வில்மோஷ் பதறிப்போய், சதுக்கத்தில் ரோந்து வந்த பெண் போலீஸைக் கூப்பிட்டு வந்தார். போலீஸ் அம்மா நோட்டைப் பிரித்தார்.

"சந்தேகப்படற மாதிரி யாராவது நடமாடினாங்களா?"

"இல்லம்மா," என்றார் லோரான்ட். "நாங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரமா இந்தச் சதுக்கத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தோம். அப்படி ஒரு ஈ காக்கா வரல."

"நாங்க கண் கொட்டலம்மா," என்று வில்மோஷும் சாட்சி சொன்னார்.

"சைக்கிளை எங்க நிறுத்தியிருந்தீங்க?"

"அதோ, அந்த விளக்குக் கம்பத்துல."

போலீஸ் அம்மா கம்பத்தைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். மூன்று படங்களையும் வரிசையாகத் தட்டிவிட்டு, முதல் படத்துக்கே திரும்பி வந்து, மூலையில் குந்தியிருந்த ஆளை முழுசாகத் தெரியும்படி நகர்த்தினார். மச்சத்துக்கும் குல்லாவுக்கும் கீழே ஒரு கையில் இரும்பு வெட்டும் கத்தரி இருந்தது, இன்னொரு கையில் லோரான்டின் பூட்டு இருந்தது.

"மூஞ்சி இவ்வளவு தெளிவா இருக்கே, சாயங்காலத்துக்குள்ள சைக்கிளோட பிடிச்சிடலாம்," என்று போலீஸ் அம்மா சிரித்தார். "அருமையான லென்ஸு சார். இதைத்தானே வாங்கினீங்க?"

"இல்லம்மா," என்றார் லோரான்ட். "இதைத்தான் வேணாம்னு சொன்னேன்."