யார்டில் முளைத்த அம்மன்

“செருப்பைக் கழட்டிடுங்க மேடம். இங்க அம்மன் குடியிருக்குது. ஆடி மாசம் வேற.”

மேனேஜர் சரவணன் சொன்னதும் கிரேஸ் சட்டென்று நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எதிரே, கம்பெனி யார்டின் நடுவில், இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் புற்று. மஞ்சள், குங்குமம், வேப்பிலை, உச்சியில் ஒரு சூலம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தக் கம்பெனியின் வாசலில், ‘எங்கள் பாய்லர் விறகில் மட்டுமே எரிகிறது’ என்று பச்சை பெயின்டில் ஒரு போர்டு உண்டு. அது நிஜம்தானா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர்தான் கிரேஸ். காற்றைக் கெடுக்காத கம்பெனி என்று காசு வாங்கித் தரும் அந்தச் சான்றிதழுக்கு 2007-ல் வெளிநாட்டில் இருந்த மரியாதை, சரவணனுக்கு அவர் வீட்டிலேயே கிடையாது.

“இவ்ளோ பெரிய புத்தா?”

“பரம்பரையா இருக்குது மேடம். கம்பெனியே அப்புறம்தான் வந்துச்சு. நாங்க ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்க மாட்டோம்.”

கிரேஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சர்ச்சுக்குப் போகிறவர். அதனாலேயே கூடுதல் மரியாதையோடு வெறுங்காலில் புற்றை ஒரு சுற்றுச் சுற்றியும் வந்தார்.

பக்கத்தில் நாலு டிராக்டர் நிறைய வேலிகாத்தான் விறகு. ஏரியில் அதை வெட்டிய முப்பது பெண்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆறு மாதமாகக் கம்பெனி இவர்களிடம் ஒரு குச்சிகூட வாங்கவில்லை. முப்பது வீட்டிலும் அரை வயிறுதான்.

நேற்றுத்தான் சரவணன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. மேடம் போனதும் விறகைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

“தினமும் கொண்டு வருவீங்களாம்மா?” என்று வரிசையின் முன்னால் நின்ற கங்கம்மாவைக் கிரேஸ் கேட்டார்.

கங்கம்மா சரவணனை ஒரு பார்வை பார்த்தாள். “கூப்ட்டா வருவோம் மேடம்.”

“வெறகு விஷயத்துல ஏதாவது பிரச்சினைன்னா எனக்கு போன் பண்ணுங்க.” கிரேஸ் தன் கார்டைக் கொடுக்க, கங்கம்மா அதை மடியில் செருகிக்கொண்டாள்.

கிளம்பும்போது கிரேஸ் குழாயடியில் கால் கழுவினார். செம்மண்ணில் நடந்த காலிலிருந்து தண்ணீர் கறுப்பாக ஓடியது. தொழிற்பேட்டையில் எதுதான் கறுக்காது? சான்றிதழ் அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

கார் முனை திரும்பியதும் சரவணன் ஜேசிபி டிரைவரைக் கூப்பிட்டார். “ஆஷிக்! மேல இருக்குற மண்ணை ஒதுக்கிட்டு நிலக்கரிய வாரு. பாய்லர்ல பிரஷர் எறங்கிக்கினே இருக்குது!”

ஆஷிக் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தான். வந்த வேகத்திலேயே பிரேக் போட்டான். முப்பது பெண்களும் புற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கல் கூட்டி, வேலிகாத்தான் விறகு மூட்டி, அதன்மேல் பானையும் ஏற்றியாகிவிட்டது.

“ஆடி வெள்ளி சார். ஆத்தாவுக்குக் கூழு ஊத்துறோம்” என்றாள் கங்கம்மா.

“எந்த ஆத்தா? நேத்து சாயங்காலம் கரி மேல மண்ணு கொட்டினதே நீங்கதானே! அந்த சூலத்தை நட்டது யாரு?”

“நான்தான் சார். நீங்க சொன்னீங்க, நட்டேன். நட்டப்புறம் புடுங்க முடியுமா?”

சரவணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. “ஆஷிக், நீ ஏத்துய்யா வண்டிய!”

“இன்னா சார் பேசுறீங்க?” ஆஷிக் கீழே குதித்துச் சாவியை நீட்டினான். “அம்மன் புத்தை ஆஷிக் இடிச்சான்னு நாளைக்கு ஊரே பேசும். பேஜாரு எனக்குத்தான். நீங்களே இடிங்க.”

சரவணன் சாவியைத் தொடவில்லை. பிரஷர் பாதிக்கு வந்துவிட்டதென்று பாய்லர் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

கங்கம்மா மடியிலிருந்து கார்டை எடுத்தாள். “உள்ள இருக்குறது அம்மனா, கரியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார். மேடத்துக்குப் போன் போட்டு சொல்லிடுறேன்.”

சரவணன் கார்டைப் பார்த்தார். சூலத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

கங்கம்மா கார்டைத் திரும்ப மடியில் செருகினாள். “அப்போ, இனிமே தெனமும் வெறகை எங்க சார் எறக்கறது?”