கீழ் வீடு

"என் மகன் வர்றான். கீழ் வீட்டைக் காலி பண்ணிக் குடுப்பா. அவனுக்கு..." என்று ஆரம்பித்தாள் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரி லோர்னா.

கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கும் க்ளிஃப் முடிக்க விடவில்லை. கனடாவின் சட்பரி நகரில் வாடகையை ஏற்ற நினைப்பவர்களுக்கெல்லாம் திடீரென்று ஒரு மகன் முளைத்துவிடுவான்.

"மாகாணச் சட்டம் எனக்கும் தெரியும். வாடகைத் தீர்ப்பாயத்துல பேசிக்கலாம்."

முதல் விசாரணைக்குக் காய்ச்சல் என்றான். அடுத்ததற்கு வக்கீல் கிடைக்கவில்லை என்றான். பனிக்காலம் முழுக்க இழுத்தடித்தான்.

கடைசியில் லோர்னாவே மனுவைத் திரும்பப் பெற்றாள். "நீயே இருந்துக்கோ."

"மகனாம், மகன்! எவன் கண்ணுலயாவது பட்டானா?" என்று சொல்லி நண்பனுக்குப் பீர் வாங்கிக் கொடுத்தான் க்ளிஃப்.

மறுநாள் காலை வாசலில் ஒரு வேன் நின்றது. அதில் வந்த ஒருவன் வீட்டின் பின்புறக் கொட்டகையிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை வேனுக்கு உருட்டி வந்தான்.

"யாருக்கு இது?" என்று கேட்டான் க்ளிஃப்.

"மேல் வீட்டம்மா மகனுக்கு. புத்துநோய். கடைசிக் காலத்துல அம்மாகிட்ட இருக்கணும்னு ஆசைப்பட்டாரு. மாடி ஏத்த முடியாதுன்னு ஆஸ்பத்திரியிலயே வச்சிருந்தாங்க. போன வாரம் அங்கேயே போயிட்டாரு."

லோர்னா இறங்கி வந்தாள்.

"அம்மா, வாசப்படிக்குன்னு வாங்கின சரிவுப் பலகையையும் எடுத்துக்கவா?"

அவள் க்ளிஃபின் கால்களைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போப்பா. இவருக்குப் படியே போதும்."