தொட்டிலின் நூல்

"குழந்தை அழுதா நமக்கு எப்படித் தெரியும்?" மஸ்கட்டிலிருந்து வீடியோவில் சைகையால் கேட்டான் முத்தரசன். அவனுக்கும் மனைவி சுகந்திக்கும் பிறவியிலேயே காது கேட்காது. மருத்துவமனையில் உறையவைத்திருக்கும் அவர்களுடைய ஒரே கருவும் அப்படித்தான் பிறக்கும் என்று பரிசோதனை சொல்லிவிட்டது. அதைக் கருப்பையில் வைப்பதா, விட்டுவிடுவதா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும்.

"உன் குறட்டை மட்டும் எனக்கு எப்படித் தெரிஞ்சுதாம்? கட்டில் அதிருமே!" அவள் விரல்கள் கிண்டல் செய்தன. அவன் மஸ்கட் போனபிறகு கட்டில் அசைவதே இல்லை.

சேலையில் தொட்டில் கட்டி, பொம்மைத் தவளைக்குச் சாவி கொடுத்து உள்ளே விட்டாள். தொட்டிலிலிருந்து ஒரு நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கண்களை மூடினாள். ஒன்றும் தெரியவில்லை. நூல் தொய்ந்திருந்தது. இழுத்துக் கட்டினாள். மணிக்கட்டு துடித்தது.

அவனுக்கு எழுதினாள்: "அழுறதுக்கு முன்னாடியே குழந்தை உதைக்கும். நூலைத் தொய்வில்லாம கட்டினா போதும், தெரியும்."