அணைத்த பெட்டி

அந்த மருத்துவமனையின் கணினி இணைப்பைக் காக்க ஃபயர்வால் பெட்டிகள் இரண்டு உண்டு. ஒன்று உழைக்கும், மற்றது காத்திருக்கும். முதலாவது சாய்ந்தால் அடுத்தது தோள்கொடுக்கும். இன்றைக்கு இரண்டுமே உழைத்தன, ஒன்றும் போய்ச்சேரவில்லை. தலையில் அடிபட்டுக் கிடந்தவரின் ஸ்கேன் படம் வெளியூர் நிபுணரை எட்டாமல் பாதிவழியில் அறுந்துகொண்டே இருந்தது. பொறியாளர் ஜெயசுதா பெட்டிகளுக்கு நடுவே கைவிட்டுத் துழாவினாள். “இங்க ஒரு கேபிள் இருந்துச்சே, வீரபாகு அண்ணே?” எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். “நேத்து ஆயுதபூஜைக்குத் தொடச்சு, பொட்டு வச்சு, மாலை போட்டேன்மா. மாலைக்கு அது இடைஞ்சலா இருந்துச்சு, உருவி வச்சேன்.” “நல்லா வச்சீங்க போங்க! அதுலதான் ஒண்ணையொண்ணு ‘இருக்கியா’ன்னு கேட்டுக்கும். இப்ப கூட்டாளி செத்துட்டான்னு நெனச்சு ரெண்டும் மொத்த பாரத்தையும் இழுக்குது, ஆளுக்கொரு பக்கமா.” “அய்யோ, எது மேலம்மா தப்பு?” “எது மேலயும் இல்லண்ணே.” ஆனாலும், கேபிளைத் தேடி மாட்ட நேரமில்லாததால், ஒன்றை அணைத்தாக வேண்டும். இடப்பக்கத்துப் பெட்டியின் பொத்தானை அவள் அழுத்தினாள். விசிறிச் சத்தம் தேய்ந்து அடங்கியது. சற்றைக்கெல்லாம் கைபேசியில் நர்ஸின் குரல்: “படம் போயிடுச்சு மேடம்! டாக்டர் பாத்துட்டு ஆபரேஷனுக்குச் சொல்லிட்டாரு!” ஜெயசுதா அணைத்த பெட்டியின் மேல் நெற்றியைச் சாய்த்தாள். “ரொம்ப நன்றிப்பா,” என்றாள். “ஓடுறது அந்தப் பக்கத்துதும்மா,” என்றார் வீரபாகு. “தெரியும்ண்ணே. வழி விட்டது இதுதானே.” அவர் கிட்டே வந்து, தன் உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தார். “இன்னும் சூடா இருக்கும்மா,” என்றார்.